தவிடும் மாத்திரையும்

தன் வீட்டிலுள்ள பொருளொன்றைத் தெருவில் எறிந்துவிட்டு, மறுநாள் அதனையே கடைக்குச் சென்று விலைகொடுத்து வாங்கி வருவான் ஒருவனைக் கண்டால் நாம் நகைப்போம். அவனுக்கு நல்லறிவு புகட்டவும் முற்படுவோம். ஆயின், சென்னை மாநகரில் வாழும் நம்மிற் பெரும்பாலோர் நாள்தோறும் இதனையே செய்து வருகின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. நெல்லின் தவிட்டை ஆலையில் நீக்கி, நீங்காது எஞ்சியதை அரிசி களையும் நீரிற் போக்கி, அதற்கும் தப்பியதைக் கஞ்சியோடு வடித்துக் கொட்டிவிட்டுப் பின்னர்த் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் தெருவுக்குத் தெரு விளங்கும் மருந்துக்கடைகளில் ‘பி காம்ப்ளெக்ஸ்’ மாத்திரையை அட்டை அட்டையாக வாங்குகின்றோம். எறிந்ததும் வாங்குவதும் பெரும்பாலும் ஒரே பொருளே. இடையில் அப்பொருளை நமக்காக உண்டு கொழுத்தவை மாடுகள். கழுநீர்ப் பானையும் தவிட்டுக் கூடையும் அவற்றிற்கே உரியனவாக இருந்தமையின், நகரத்து மாடுகள் நகரத்து மக்களினும் நன்றாக உண்டன எனலாம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு உயிர்ச்சத்தில் என்ன வேலை என்று விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் வினவக்கூடும். உண்பார் அனைவர்க்கும் அதில் வேலையுண்டு என்பதே எம் விடை. அன்றியும், இத்துறையில் முதற்கண் எம்மை ஈர்த்தவை சொற்களே. 1912-ஆம் ஆண்டில் போலந்து நாட்டினராகிய காசிமிர் ஃபங்க் என்பார், உயிரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு ‘அமின்’ என்னும் வேதிநூற் சொல்லைப் புணர்த்து ‘வைட்டமின்’ என்னும் பெயரை ஆக்கினார். இவ்வினத்துப் பொருள்கள் எல்லாம் அமின் அல்ல என்பது பின்னர்த் தெரிந்தது. ஆயினும், இட்ட பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டார் முதலில் ஜீவசத்து என்றனர். பின் உயிர்ச்சத்து என்றனர். இற்றை நாளில் கடைக்காரரும் கற்றவரும் ஒருங்கே வைட்டமின் என்கின்றனர். யாம் உயிர்ச்சத்து என்றே எழுதுவோம். ‘பெரிபெரி’ என்னும் நோய்ப்பெயரும் கருதத்தக்கது. அது சிங்களத்தினின்று வந்ததென்றும், ‘இயலேன், இயலேன்’ என்பது அதன் பொருளென்றும் கூறுவர். கால் மரத்து, தசை சோர்ந்து, நெஞ்சு படபடத்து, சிலர்க்கு உடல் வீங்கி, எழுந்து நடக்கவும் மாட்டாத நோயாளிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது கிடைக்கும்?

இந்நோயின் காரணத்தை மனிதர்க்குக் காட்டியவை கோழிகள். 1890-ஐ அடுத்த ஆண்டுகளில் ஜாவாத் தீவில், பட்டேவியா நகரத்து மருத்துவமனையொன்றில் ஆராய்ச்சி செய்த எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தாம் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்வதைக் கண்டார். சிலகாலம் கழித்து அவை தாமே தேறின. ஆராய்ந்தபோது, நோயுற்ற காலத்தில் மருத்துவமனைச் சமையலறையினின்று வந்த வெள்ளைச் சோறு அவற்றிற்கு இடப்பட்டது என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் படையினர்க்குரிய நல்லரிசியைக் குடிமக்கட் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டமையால் அவற்றிற்குத் தீட்டாத அரிசி கிடைத்தது என்பதும் வெளியாயின. அச்சமையற்காரரின் கைப்பிடித்தனத்திற்கு உலகம் கடன்பட்டுள்ளது. எய்க்மன், வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு உளதெனவே முதலிற் கருதினார். நஞ்சு உள்ளமையால் அன்று, வேண்டுவதொன்று இல்லாமையால் வந்த நோய் அது என்பதை 1901-இல் தெளிவித்தவர் அவரை அடுத்து வந்த கிரீன்ஸ். உள்ளதால் நோய் வரும் என்பதை எவரும் எளிதில் நம்புவர். இல்லாததால் நோய் வரும் என்பது அந்நாளில் புதுமையாக இருந்தது. எய்க்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

தவிட்டிலுள்ள அச்சத்தே இன்று தயமின் என்றும் பி1 என்றும் வழங்குவது. அது தானாக உடலுக்கு வலிமை தருவதன்று. சோற்றிலுள்ள மாவுப்பொருள் விறகு என்றால், தயமின் அவ்விறகைப் பற்றவைக்கும் பொறி எனலாம். பொறியின்றி விறகை எவ்வளவு அடுக்கினும் அடுப்பெரியாது. இதனால் ஒரு கொடுமை விளைகின்றது: சோற்றையன்றி வேறொன்றும் பெறாத ஏழை, பசிதீர மேலும் மேலும் வெண்சோற்றை உண்ண உண்ண, உடலில் இருக்கும் சிறிதளவு தயமினும் விரைவிற் செலவாகின்றது. அதனை நெடுநாள் சேர்த்து வைக்கும் ஆற்றலும் உடலுக்கு இல்லை. சில வாரங்களில் தீர்ந்துபோம். முதலில் துன்புறுவன நரம்பும் இதயமும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1918-இல் குன்னூரிலிருந்த பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வறையே 1928-இல் உணவாராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. குன்னூரிலிருந்தோர் அன்றைய சென்னை மாகாணத்தை நோக்கியபோது வியத்தகு செய்தியொன்றைக் கண்டனர். தென்பாலுள்ள தமிழரும் அரிசி உண்பவரே. வடபாலுள்ள கடற்கரைத் தெலுங்கு மாவட்டத்தாரும் அரிசி உண்பவரே. இருசாராரிடையும் வறுமைக்குக் குறைவில்லை. ஆலைகளும் இருபாலும் தோன்றிவிட்டன. ஆயினும் பெரிபெரி வட சர்க்கார் மாவட்டங்களையே பற்றி வருத்தியது; தமிழ் மாவட்டங்களை ஏறக்குறைய விட்டு விலகியே நின்றது. மக்காரிசனுக்குப் பின் அய்க்ராய்டும் அவர்தம் துணைவரும் 1940-இல் வெளியிட்ட அரிசி பற்றிய ஆய்வு இதன் காரணத்தை விளக்கிற்று. அங்குள்ளார் உண்டது பச்சரிசி. இங்குள்ளார் உண்டது புழுங்கலரிசி.

புழுக்குதல் என்பது என்ன? நெல்லை நீரில் ஊறவைத்து, உமியோடு அவித்து, வெயிலில் உலர்த்திப் பின்னரே குத்துகின்றோம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே புகுந்து படிகின்றது. பின்னர் ஆலை எவ்வளவு தீட்டினும், உள்ளே புகுந்ததில் ஒரு பகுதி தங்கிவிடும். பச்சரிசியிலோ, சத்து முழுதும் மேற்பரப்பிலேயே இருத்தலின் தீட்டத் தீட்ட அனைத்தும் நீங்கும். அகன்ற அண்டாவில் நெல்லவித்த பாட்டிமார் தயமின் என்னும் பெயரையே அறியார்; புழுக்கிய நெல் குத்தும்போது நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பதற்காகவே அங்ஙனம் செய்தனர். ஆதலின், முன்னோர் யாவையும் முன்னரே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவாரோடு யாம் சேரோம். அறியாது செய்த நன்மையும் நன்மையே என்று மட்டும் கூறுவோம்.

மயிலாப்பூர் மாடவீதிகளில் பச்சரிசிச் சோறு உண்ணும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டே. அவர்களைப் பெரிபெரி ஏன் பற்றவில்லை என்று ஒருவர் எம்மிடம் வினவினார். விடை அவர் இலையிலேயே இருக்கின்றது. பருப்பு, தயிர், கறி, காய், காலையில் புழுங்கலரிசியும் உளுந்தும் புளித்து ஆன இட்டலி என இத்துணையும் சூழ வைத்துக்கொண்டு உண்பவர்க்கு அரிசி வெள்ளையாயின் என்ன, கறுப்பாயின் என்ன? சோறே உணவாக, ஊறுகாயே கறியாக உள்ளவனுக்கன்றோ அரிசியின் தன்மை உயிர்ப்பிரச்சினையாகின்றது! உயிர்ச்சத்துக் குறைவென்பது வெறும் அறியாமை நோயும் அன்று, வெறும் வறுமை நோயும் அன்று. செல்வர் விரும்பிய வெண்மையை வறியவர் பின்பற்ற நேர்ந்ததால் விளைந்த நோய் என்பதே எம் கருத்து.

வெண்மையின் மீது நமக்குள்ள மோகம் பெரிது. ‘மல்லிகைப் பூப்போன்ற சோறு’ என்று புகழ்கின்றோம். சற்றுச் செந்நிறமாயின், ‘மட்ட அரிசி’ என்று முகம் சுளிக்கின்றோம். வணிகர்க்கும் தீட்டிய அரிசியே வசதி. தவிட்டில் எண்ணெய்ப் பசை உள்ளமையால் தீட்டாத அரிசி விரைவிற் சிக்குநாற்றம் கொள்ளும், வண்டும் பிடிக்கும். இம்மோகத்தை எதிர்த்து வாதாடிய தமிழர் ஒருவரை நம் கல்லூரி மாணாக்கர் மறத்தல் கூடாது. தஞ்சையிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக இருந்து, அரிசியாலைகளைக் கடிந்து, கைக்குத்தலரிசியைப் பரப்பினார். சத்துப் போகின்றது என்பதோடு, குத்திப் பிழைக்கும் ஏழைப் பெண்டிரின் கூலியும் போகின்றது என்பது அவர் வழக்கு.

அவ்வழக்கின் முற்பாதியை யாம் முற்றும் ஏற்கின்றோம். பிற்பாதியில் எமக்கு ஐயமுண்டு. உலக்கையைப் பற்றிப் பாடுவது எளிது. நாள்தோறும் குத்துவது எளிதன்று. விடியுமுன் எழுந்து உரலடியில் நின்ற தாய்மாரின் தோள்வலியை ஆலை தீர்த்தது என்பதையும் மறுக்கலாகாது. இன்று மயிலாப்பூர்க் கடையில் அழகிய பையிலிட்டு விற்கும் கைக்குத்தலரிசியின் விலை வெள்ளரிசியினும் மிகுதி. பண்டு ஏழையர் உண்டது இன்று இயன்றவர் உணவாயிற்று. தவிட்டெண்ணெயும் அவ்வாறே புட்டியேறி வருகின்றது. எனவே யாம் வேண்டுவது ஆலையை நிறுத்துக என்பதன்று. ஆலை இத்துணை தீட்டாதொழிக என்பதே. நாம் வெண்மையைக் கேளாதொழியின் ஆலைக்காரர் தாமே குறைத்துத் தீட்டுவர். கூடுதல் தீட்டிற்கு மின்செலவும் அவரதன்றோ?

தவிட்டின் வரலாறு இஃதாக, இலையின் வரலாறும் நம் நகரோடு தொடர்புடையதே. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்டிர்க்கு வரும் ஒருவகைக் கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். அந்நோயில் செவ்வணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்து, அளவிற் பருத்துக் காணப்படும். மறுவருடம் குன்னூரிலும், 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் கோஷா மருத்துவமனையிலும் அவர் பணிசெய்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாரத்தை ஊட்டியதும் அப்பெண்டிர் தேறினர். அதனுள் இருந்த பொருள் யாதென அப்போது தெரியவில்லை. 1941-இல் அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக்கீரையினின்று சிறிதளவு சத்தைப் பிரித்தெடுத்த மூவர், இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அம்மூவருள் ஒருவராகிய ராஜர் வில்லியம்ஸ் பிறந்த ஊர் நம் உதகமண்டலம்! அவர் தமையனார் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில், பெற்றோர் மிஷனெரிமார். 1936-இல் தயமினை ஆய்வுச்சாலையில் ஆக்கிக் காட்டியவர் இத்தமையனாரே. சென்னை மாகாணத்திற் பிறந்த உடன்பிறப்பினருள் மூத்தவர் தவிட்டின் மறையையும், இளையவர் இலையின் மறையையும் வெளிப்படுத்தினர் என்பது கதைபோற் தோன்றினும் உண்மை.

அவ்விலைச் சத்தை ஆய்வுச்சாலையில் ஆக்கிய குழுவின் தலைவரோ, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்திற் பிறந்த இவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் மும்முறை முயன்றே தேறினார் என்பர். தேர்வுக்கு அஞ்சும் நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்க. மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்துத் தாமும் அந்நோய்வாய்ப்பட்டு மீண்டவர். அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுச்சாலையில் 1945-இல் இவர் குழுவினர் ஆக்கிய ஃபோலிக் அமிலம் அந்நோய்க்கும் மருந்தாயிற்று. 1948-இல் சுப்பாராவ் காலமானார்.

ஃபோலிக் அமிலத்தின் வேலை புது அணுக்களைப் படைத்தலில் உதவுவது. எனவே, அணுக்கள் பெருகும் இடமெல்லாம் அதன் தேவை மிகும்; கருவில் மிக மிகும். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் ஆகவுள்ள குழல், கருவுற்ற முதல் நான்கு வாரங்களிலேயே மூடிவிடும். தாய் தான் கருவுற்றதை அறியுமுன்பே அது நிகழ்ந்துவிடுகின்றது. கருத்தரிக்குமுன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அக்குழல் மூடாத குறைகளிற் பெரும்பகுதி தடுக்கப்படும் என்று 1991-இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஐயமற நிறுவியது. ஆதலால் மகளிர் இதனைப் பேறுகாலத்துப் பேச்சென ஒதுக்காது, நம்மோடு கல்லூரியிற் பயிலும் இவ்வயதிலேயே அறிதல் வேண்டும். ஈண்டுக் கீரை நன்று; ஆயினும் கீரை மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். மாத்திரையைப் பழிப்பதே எம் நோக்கமென்று எவரும் எண்ணற்க.

மரக்கறி உண்பார்க்கும் இதுவே செய்தி. பி12 என்னும் சத்து எந்தக் கீரையிலும் எந்தத் தவிட்டிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலேயே உண்டு. அது குறைந்தால் சோகையும், கைகால் மரத்தலும், மறதியும் வரும். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால், சோகை மறைந்து நரம்புக்கேடு உள்ளே வளரும். மயிலைப் பெரியோர் காபியிற் கலக்கும் பாலோடு அமைந்துவிடாது மருத்துவரையும் காணுதல் நலம். டி சத்தோ வெயிலால் உடலிலேயே உண்டாவது. சுண்ணச்சத்தை எலும்பிற் சேர்ப்பது. குறையின் குழந்தையின் கால் வளையும், முதியோர் எலும்பு நோகும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத சென்னையிலும் இக்குறை உண்டு. ரங்கநாதன் தெருத் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை விளக்கொளியில் நிற்கும் இளம்பெண்களை நோக்கினால் காரணம் விளங்கும். 2021-இல் தமிழ்நாட்டரசு சட்டத் திருத்தத்தால் அவர்களுக்கு உட்காரும் உரிமை தந்தது. வெயிலில் அரைமணி நிற்கும் உரிமையைத் தருவார் யாவர்? சி சத்தைப் பற்றி விரிக்கவேண்டுவதில்லை; நெல்லிக்கனியும் கொய்யாவும் உள்ள நாட்டில் ஈறு குருதி வடியும் ஸ்கர்வி நோய் அரிது.

ஏ சத்துக் குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழி கரைந்து பார்வையே போகும். கண்ணோடு உயிரையும் அது காக்கும் என்பதை நம் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வே காட்டிற்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரிடை வாரந்தோறும் சிறிதளவு ஏ சத்து ஊட்டிப் பார்த்தபோது, ஊட்டப்பெற்றோரிடை இறப்பு 54 விழுக்காடு குறைந்ததாக 1990-இல் வெளியிட்டனர். இச்சத்தின் மூலம் முருங்கையிலையில் நிரம்ப உண்டு. அடையாற்றிலும் மயிலையிலும் கொல்லைப்புறம் தோறும் நின்ற முருங்கைகளை வெட்டி அடுக்குமாடி எழுப்பிய நாம், இன்று முருங்கையிலைப் பொடியைப் புட்டியில் வாங்குகின்றோம். தவிட்டின் கதை இங்கும் தொடர்கின்றது.

இந்நகர் பிள்ளைகளுக்கு உணவிடுதலில் பின்தங்கியதன்று. தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920-இலேயே ஆயிரம்விளக்குப் பள்ளியிற் பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. 1956-இல் காமராசரும் 1982-இல் எம்.ஜி.ஆரும் அதனை நாடெங்கும் விரித்தனர். 2022 முதல் காலையுணவும் சேர்ந்தது. இத்தகைய நாட்டில், 2021-இல் மத்திய அரசு அறிவித்தபடி, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் ஏற்றிய செயற்கை அரிசிமணிகளை நூற்றுக்கு ஒன்றாக நியாயவிலை அரிசியிற் கலந்து வழங்கினர். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அஞ்சி அம்மணிகளைப் பொறுக்கியெறிந்தாரும் உளர். அச்சம் தவறு, அவை அரிசிமாவினாலேயே ஆனவை. ஆயின், முன்பு தீட்டி நீக்கியதிற் சிலவற்றைப் பின்பு மாவிற் பிசைந்து மணியாக்கிச் சேர்ப்பதினும், முதலிலேயே குறைத்துத் தீட்டிய புழுங்கலரிசியையும் அதனோடு பருப்பையும் முட்டையையும் மிகுதியாக வழங்குதல் சிறந்ததன்றோ? செறிவூட்டல் வேண்டாவென்று யாம் கூறவில்லை. அதுவே போதும் என்று ஆள்வோர் அமைந்துவிடலாகாது என்கின்றோம்.

பெரிபெரி பழங்கதையாயிற்று என்றும் எண்ணற்க. இடையறாது மது அருந்துவோர் உணவையும் ஒழித்து, உண்டதிலுள்ள தயமினையும் உடலில் ஏற்கும் ஆற்றலை இழந்து, மயங்கித் தள்ளாடி, நினைவழிந்து போவதுண்டு. போதை என்று அயலார் நகைக்கும் நிலை சிலரிடத்துத் தயமின் குறைந்த மூளையின் அலறலாக இருத்தல் கூடும். தக்க நேரத்தில் ஊசிமூலம் அச்சத்தைச் செலுத்தின் உயிரும் நினைவும் மீளும்.

இனி, எம் கைக்கு எட்டும் தொலைவிலுள்ள விடுதிக்கு வருவோம். பெற்றோரைவிட்டு வந்து மூன்றாண்டு விடுதிச்சோறு உண்ணும் நம் போன்றோர்க்கு, வெள்ளைச் சோற்றின் மேல் நீர்த்த சாம்பாரே பெரும்பாலும் கிடைக்கின்றது. குறையை நிரப்பக் கடைவீதிப் பொரித்த பண்டங்களை நாடுகின்றோம். ஒருமுறை மட்டும் தீட்டிய புழுங்கலரிசி, வடித்த கஞ்சியைக் கொட்டாது பயன்படுத்தல், வாரம் மும்முறை முருங்கை அல்லது அரைக்கீரை, இவற்றிற்கு ஆகும் கூடுதற் செலவு நாம் ஆளுக்கொரு மாதம் தேநீர்க்கடையிற் கொடுப்பதினும் மிகாது என்பது எம் கணிப்பு. விடுதிக் குழுவினர் வரும் பருவத்திற்கு அரிசி வாங்கப் புகுமுன் இதனை மாணாக்கரிடை வாக்கெடுப்புக்கு விடுவார்களாக. வெண்சோறே வேண்டும் என்று கை தூக்குவார் எத்துணையர் என்பதும் அன்று தெரிந்துவிடும்.